மாஸ்க் யாருடைய கண்ணுக்காக?

கொரோனா காலத்தில் பேருந்திலும் ரயிலிலும் போனவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பரிசோதகர் ஏறியதும் தாடையில் கிடந்த மாஸ்க்குகள் மூக்குக்கு ஏறும். அவர் இறங்கியதும் மறுபடி தாடைக்கே வந்துவிடும். போன் வந்தால் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசுவார்கள். இருமல் வந்தபோதுகூட அதை இறக்கிவிட்டு இருமியவர்கள் உண்டு.

அலட்சியம், படிப்பறிவில்லாமை என்று இதைத் திட்டித் தீர்ப்பது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகப் படித்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். அபராதத்துக்குப் பயந்து போடும் மாஸ்க், அபராதம் போடுகிறவர் கண்ணில் பட்டால் போதும். அது மூக்கை மூடியிருக்கிறதா, பக்கவாட்டில் காற்று கசிகிறதா என்று யார் கவலைப்படப்போகிறார்கள்? போலீசுக்காக மாஸ்க் போடத்தான் பழக்கினோம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்காகப் போடப் பழக்கவே இல்லை. என் வருத்தமெல்லாம் இதுதான்.

இந்த நோயில் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்ற முடியும். "எனக்கு ஒன்றுமில்லை, நான் எதற்குப் போட வேண்டும்?" என்று கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாது, அவ்வளவுதான். அப்புறம், சும்மா மூச்சு விடுவதைவிடப் பேசும்போது வாயிலிருந்து அதிகத் துகள்கள் வெளியேறும், சத்தமாகப் பேசினால் இன்னும் அதிகம். மாஸ்க் மிகவும் தேவைப்படுகிற நேரமே நாம் வாய் திறந்து பேசும் நேரம்தான். நாமோ சரியாக அப்போதுதான் அதைக் கழற்றினோம்.

மக்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2020 தொடக்கத்தில் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்றது உலக சுகாதார நிறுவனம். அதே ஆண்டு ஜூன் 5 அன்று, பொதுப் போக்குவரத்து மாதிரி இடைவெளி விட முடியாத இடங்களில் துணி மாஸ்க் போடச் சொன்னது. அறிவியலில் கருத்து மாறுவது இயல்புதான். மருத்துவப் பணியாளர்களுக்கே மாஸ்க் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் அப்போது இருந்தது. ஆனால் ஏன் மாற்றினோம் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் நேராக அபராத ரசீதுதான் வந்து நின்றது.

வேறு வழியே இல்லையா? இருந்தது. பங்களாதேஷில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் ஒரு பாதிக் கிராமங்களில் வீடு வீடாக இலவசமாக மாஸ்க் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்களும் மதத் தலைவர்களும் தாங்களே போட்டுக் காட்டினார்கள். போடாமல் வந்தவரைத் தெருவில் நிறுத்தி, போடச் சொல்லி நினைவூட்டினார்கள். ஒழுங்காக மாஸ்க் போடுகிறவர்கள் மற்றக் கிராமங்களில் சுமார் 13 சதவீதம்தான் இருந்தார்கள், இங்கே அது 42 சதவீதம் ஆனது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுடன் வந்த தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 35 சதவீதம் வரை குறைந்தது. பாதிப்பேர்கூடப் போடாதபோதே இவ்வளவு பலன். இந்த 35 சதவீதத்தைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. அவ்வளவு பேரும் யாரோ ஒருவருடைய அப்பாவோ அம்மாவோதானே.

2023 ஜனவரியில், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு வந்ததும், மாஸ்க்கால் பயனே இல்லை என்று நிரூபித்துவிட்டதாகப் பலர் பகிர்ந்தார்கள். அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே மார்ச்சில் அது தவறான புரிதல் என்று விளக்கம் கொடுத்தார். கிடைத்த ஆய்வுகளை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். அந்த ஆய்வுகளில் பங்கேற்ற பலர் மாஸ்க்கை ஒழுங்காகப் போடவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். மறுபடி தாடைக்கே வந்து நிற்கிறோம்.

எந்த மாஸ்க் என்று கேட்பவர்களுக்கு: முகத்தோடு ஒட்டி உட்காருவதுதான் முக்கியம். என்95 வகை, மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும், ஆனால் ஓரத்தில் இடைவெளி இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அதைத் துவைக்காதீர்கள், வடிகட்டும் தன்மை போய்விடும். வால்வு வைத்தது வேண்டாம். நாம் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் அந்த வழியாக நேராக வெளியே வந்துவிடும்.

சிலர் "இது என் தனிப்பட்ட விருப்பம்" என்கிறார்கள். திறந்த மைதானத்தில் சரி, ஒப்புக்கொள்கிறேன். கூட்டமான பேருந்தில் எப்படி? கீமோதெரபிக்குப் போகிறவர், டயாலிசிஸ் முடிந்து திரும்புகிறவர், வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லாதவர் எல்லாரும் அதே பேருந்தில்தான் நிற்கிறார்கள். அவர்களால் இறங்கி வேறு வண்டி பிடிக்க முடியாது, நம்மிடமிருந்து நகர்ந்து நிற்கவும் இடம் கிடையாது. எனவே கொள்ளைநோய்க் காலத்தில் பொதுப் போக்குவரத்தில் மாஸ்க் கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அபராதப் புத்தகத்தோடு ஏறும் பரிசோதகரின் கையில் ஒரு பெட்டி மாஸ்க்கும் இருக்கட்டும். இல்லாதவருக்கு முதலில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பேசட்டும். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் விலக்கு இருக்கட்டும்.

கொரோனாவுக்காக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த அவசரநிலை 2023 மே 5 அன்று முடிந்துவிட்டது. இன்னும் பேருந்தில் சிலர் மாஸ்க்கோடு வருகிறார்கள். அவர்களைப் பார்த்து "இன்னுமா?" என்று சிரிக்காதீர்கள். சளியோ காய்ச்சலோ இருக்கும் நாளில் வெளியே போயே ஆக வேண்டுமென்றால், நீங்களும் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்தான். கேட்காவிட்டாலும் போடுங்கள்.