ஆதார் கேட்காத பஸ்

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்த பிறகு, ‘ஊர் எப்படி இருக்கு?’ என்று கேட்பவர்களிடம் முதலில் வெயிலைப் பற்றித்தான் சொல்கிறேன். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். பட்டப்பகலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து போனாலும் சட்டை நனையாமல் ஆபீஸுக்குள் நுழையலாம். நடப்பதற்கு நடைபாதை இருக்க வேண்டும், அது வேறு விஷயம். டிராஃபிக் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னல் பற்றியும் எழுதப் போவதில்லை. அதை எழுதாதவர்கள் யாரும் பாக்கி இல்லை.

என்னை யோசிக்க வைத்தது பெண்களுக்கான இலவச பஸ்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசு இல்லை. ஏறுகிறோம், கண்டக்டர் ஒரு சீட்டு தருகிறார், முடிந்தது. எந்த ஊர், எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணும் பிங்க் பஸ்ஸில் போகலாம், மகளைப் பார்க்க நெல்லூரிலிருந்து வந்த அம்மாவும் போகலாம்.

கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று சக்தி திட்டம் தொடங்கியது. இது இன்னும் பெரியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஊருக்குள் ஓடும் பஸ்ஸோடு சரி, விழுப்புரம் போக டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். இங்கே மாநிலத்துக்குள் மைசூர், மங்களூர் என்று சாதாரண பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். ஆனால் கர்நாடக முகவரி போட்ட அடையாள அட்டை வேண்டும். என் ஆதாரில் இருப்பது சென்னை முகவரி. கண்டக்டர் பார்த்துவிட்டு, “அட்ரஸ் மாத்திக்கோங்கம்மா” என்று நல்ல தமிழிலேயே சொல்லி டிக்கெட்டைக் கிழித்தார். அவர் மேல் என்ன தப்பு? விதி அப்படி.

‘எங்கள் வரிப்பணம், எங்கள் மக்களுக்கு’ என்பது அந்த விதியின் நியாயம். புரியாமல் இல்லை. ஆனால் முகவரியை மாற்ற வாடகை ஒப்பந்தமோ வேறு ஆவணமோ வேண்டும். பிஜி என்கிற பேயிங் கெஸ்ட் விடுதியில் கட்டில் வாடகைக்கு இருக்கிற பெண்ணுக்கு யார் ஒப்பந்தம் எழுதித் தருவார்கள்? கட்டட வேலைக்கு வந்து கூடாரத்தில் தங்கியிருப்பவருக்கு? எனக்கு அந்த டிக்கெட் காசு ஒரு பொருட்டே இல்லை. சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவருக்கு அது பெரிய தொகை. அவரும் இந்த ஊரில்தான் அரிசி வாங்குகிறார், சோப்பு வாங்குகிறார், எல்லாவற்றுக்கும் வரி கட்டுகிறார். சொந்த வீட்டில் இருப்பவருக்கு பஸ் இலவசம், நேற்று மூட்டையோடு வந்து இறங்கியவருக்குக் கட்டணம் என்பது எனக்குத் தலைகீழாகப் படுகிறது.

இன்னொரு வித்தியாசம், சின்னதுதான். சென்னையில் பெண்களுக்கு இடப்பக்க வரிசை, இங்கே முன்பாதி. பழக்க தோஷத்தில் பின்னால் போய் இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டு ஆண்கள் முறைப்பதற்குக் காரணம் தெரியாமல் விழித்திருக்கிறேன்.

உண்மையில் நான் ஏங்குவது எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு. கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931-லிருந்து ஓடுகிறது. கூட்டம், வியர்வை, கதவில் தொங்கும் பையன்கள் எல்லாம் இருக்கட்டும். ஐந்து ரூபாயிலிருந்து டிக்கெட், சீசன் எடுத்தால் இன்னும் மலிவு. விமானத்தில் வந்து இறங்கினால்கூட எதிரே திரிசூலம் ஸ்டேஷன். பெங்களூரில் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2022-ல் அடிக்கல் நாட்டினார்கள், வேலை நடக்கிறது. விமான நிலையமோ தேவனஹள்ளிப் பக்கம். பஸ் வசதி நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டணத்தில் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் பலமுறை போய் வரலாம்.

மெட்ரோ சுத்தம், வேகம், நெட்வொர்க்கும் சென்னையைவிடப் பெரிது. யாரிடமும் முகவரி கேட்பதில்லை, எல்லாரிடமும் காசு கேட்கிறது. 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 60-லிருந்து 90 ரூபாய் ஆக்கினார்கள். சென்னையில் 2021-ல் குறைத்ததிலிருந்து உச்சமே 50 ரூபாய்தான். இருந்தாலும் 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் வழித்தடம் வந்த பிறகு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள், அதை மறுக்க முடியாது.

இங்கே வரப்போகிற தோழிகளுக்கு ஒன்று. வீடு பார்க்கும்போது மெட்ரோ எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். அட்வான்ஸ் எத்தனை மாத வாடகை என்று கேளுங்கள், சென்னைக் கணக்கில் இருக்காதீர்கள். அப்புறம், முறையான ஒப்பந்தம் எழுதித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஆதார் முகவரி மாற்ற அது கை கொடுக்கும்.