புட் ஆஃப்: தள்ளிப்போட்டவன் எழுதுவது

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மீட்டிங் 'புட் ஆஃப்' ஆகியிருப்பதாக மெயில் வந்தது. ஃபேன் ஆஃப், லைட் ஆஃப் மாதிரி மீட்டிங்கும் ஆஃப் என்று நினைத்து, எடுத்து வைத்திருந்த குறிப்புகளைக் கிழித்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து அது நடந்தது. கையை வீசிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ரத்து என்றால் 'கால் ஆஃப்', ஒத்திவைப்பு என்றால் 'புட் ஆஃப்' என்று அன்றைக்குப் புரிந்தது.

இப்படி வினைச்சொல்லோடு 'ஆஃப்' மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு வேறு அர்த்தம் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அது என்றாலே "இங்கிலீஷுக்கு லாஜிக்கே கிடையாது" என்று அலுத்துக்கொள்கிறோம். நமக்கு மட்டும் இருக்கிறதா என்ன? 'தள்ளிப்போடு' என்கிறோமே, எதைத் தள்ளி எங்கே போடுகிறோம்? சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், கணக்கும் போடுகிறோம். புதிதாகத் தமிழ் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். நாம் அதைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை, ஒரே சொல்லாக விழுங்கிவிட்டோம். புட் ஆஃபையும் அப்படித்தான் விழுங்க வேண்டும் என்பது என் கட்சி. இதில் ஒரு வேடிக்கை: கனமான சொல் என்று நாம் மதிக்கும் 'போஸ்ட்போன்' லத்தீனிலிருந்து வந்தது. 'போஸ்ட்' என்றால் பின், 'போனெரே' என்றால் வைப்பது. ஒத்திவை என்பதிலும் அதே 'வை'.

வழுக்குவது எழுதும்போதுதான். 'புட் ஆஃப் தி மீட்டிங்', 'புட் தி மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் மீட்டிங்குக்குப் பதில் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' தப்பு. அப்புறம், பின்னால் வினைச்சொல் வந்தால் 'புட் ஆஃப் கோயிங்', 'டு கோ' அல்ல. இறந்தகாலத்திலும் புட் என்பது புட்தான். அந்த மட்டும் பிழைத்தோம்.

'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் நாற்றம் என்னை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கவில்லை, எனக்குக் குமட்டிவிட்டது, அவ்வளவுதான். நடுவில் வேலையோ தேதியோ இருந்தால் தள்ளிப்போடுவது. ஆள் இருந்தால் பெரும்பாலும் பிடிக்காமல் போவது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் கடன் கொடுத்தவரிடம் சாக்குச் சொல்லி இழுத்தடிப்பதும் அவரை 'புட் ஆஃப்' செய்வதுதான்.

நூறு ஃப்ரேசல் வெர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்களே இழுத்தடிக்கும் ஒரு காரியத்தை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், மறக்காது. என்னுடையது: 'ஐ கெப்ட் புட்டிங் இட் ஆஃப்.' அந்த 'இட்' எது என்கிறீர்களா? பல் டாக்டர். ஆறு மாதமாக.