கொல்லையில் பட்டிங் கிரீன்: புல் இரண்டாம் பட்சம்

அரிசோனாவில், எங்கள் சாண்ட்லரில் வீடு வாங்கிய நண்பர்கள் மூன்று பேர் இந்த மாதம் மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "கொல்லையில பட்டிங் கிரீன் போட்டிருக்கீங்களே, நாங்களும் போடலாமா?" பட்டிங் கிரீன் என்றால் கோல்ஃப் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் போட்டுப் பழகுகிற புல்தரை, எங்களுடையது செயற்கைப் புல். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

போடலாம். ஆனால் புல்லைப் பார்த்து மயங்காதீர்கள். விற்க வருகிறவர்கள் பையிலிருந்து ஏழெட்டுப் புல் துண்டுகளை எடுத்துப் பரப்பி, தடவிப் பார்க்கச் சொல்வார்கள், பட்டுப்புடவைக் கடை மாதிரி. எவ்வளவு உசத்தியான புல்லாக இருந்தாலும் அடித்தளம் ஒரு இடத்தில் அரை அங்குலம் இறங்கிவிட்டால், எங்கிருந்து அடித்தாலும் பந்து அங்கேதான் போய் உட்காரும். காசும் கவனமும் புல்லுக்கு அடியில் போக வேண்டும்.

எங்கள் கொல்லை சின்னது. மதிலுக்கும் பேட்டியோவுக்கும் (வீட்டை ஒட்டிய தளம்) நடுவே 12 அடிக்கு 20 அடிதான் தேறியது. அதுவும் ஒரு வகையில் நல்லது. செயற்கைப் புல் பெரும்பாலும் 15 அடி அகல ரோலாக வருகிறது, அதற்குள் அடக்கிக்கொண்டால் ஒட்டுப் போடும் தொல்லை இல்லை. முதலில் வந்த கான்ட்ராக்டர் இந்த இடத்துக்குள் ஐந்து குழி, நடுவில் ஒரு மேடு என்று ஐபேடில் படம் போட்டுக் காட்டினார். பல்லாங்குழியா ஆடப்போகிறோம்? இரண்டு குழி போதும், மேடு வேண்டாம் என்றதும் அவருக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. சதுர அடிக்கு 25 டாலர், மொத்தம் 6,000 என்றதும் எனக்கும் போய்விட்டது.

இடம் போதாதே என்று கவலைப்பட வேண்டாம். 8 அடியிலிருந்து அடித்தால் பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதி தடவைதான் குழியில் போடுகிறார்கள். நமக்கு 4 அடியே ததிங்கிணத்தோம். 20 அடி தாராளம்.

அப்பா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்தவர். கோல்ஃப் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, தரை என்றால் தெரியும். "இதுக்குப் போயி ஆறாயிரமா? நாமளே போடலாம்டா" என்றார். போட்டோம்.

இங்கே ஒரு சாண் தோண்டினால் கலீச்சி என்று வெள்ளையாக ஒரு படிவம் கடப்பாறையைத் திருப்பி அனுப்பும். அப்பா ஒரு கட்டியை உடைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு சுக்கான் கல்லு" என்று கையைத் தட்டிக்கொண்டார். தோண்டுவதற்கு முன் 811-க்குப் போன் செய்தால் கேஸ், கரன்ட் லைன் போகும் இடங்களில் இலவசமாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். செடிக்குப் போகும் சொட்டுநீர்க் குழாய் அவர்கள் கணக்கில் வராது. அதை நான் இரண்டு இடத்தில் வெட்டினேன்.

அடித்தளத்துக்குத் தூள் கலந்த கிரானைட் பொடிச்சல்லி, 4 அங்குலக் கனம். எங்கள் அளவுக்கு 3 கன கெஜம், அதாவது 4 டன்னுக்கு மேல். அத்தனையும் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் போனது. நான் மொத்தமாகக் கொட்டி இடித்துவிடலாம் என்றேன். அப்பா விடவில்லை. பாதி கொட்டி, தண்ணீர் தெளித்து, வாடகைக்கு எடுத்த மெஷினால் இடித்து, அப்புறம் மீதி. மொத்தமாக இடித்தால் மேலே மட்டும் இறுகும், உள்ளே பொதபொதவென்று இருக்கும் என்பது அவர் திமிசுக்கட்டைக் காலத்துப் பாடம். மட்டம் பார்க்க டியூப் லெவல்: கடையில் வாங்கிய கண்ணாடி ஹோஸில் தண்ணீர், ஆளுக்கு ஒரு முனை. நூற்றுக்கு ஒன்று வாட்டம், 20 அடிக்கு இரண்டரை அங்குலம் கூட இல்லை. மழைத் தண்ணீர் ஓட அது போதும். வாட்டம் கூடினால் குழியைத் தவறவிட்ட பந்து மதிலில்தான் போய் நிற்கும்.

கிரீனின் வேகத்தை அளக்க ஒரு கருவி உண்டு, ஸ்டிம்ப்மீட்டர். 1935 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஜீன் சாரசன் என்ற ஆட்டக்காரர் அடித்த பந்து கிரீனைத் தாண்டி ஓடியதைப் பார்த்து எட்வர்ட் ஸ்டிம்ப்சன் செய்தது. ஒரு நீளமான பள்ளத்தகடு, அவ்வளவுதான். அதைச் சாய்த்துப் பந்தை உருட்டிவிட்டால், தரையில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் வேகம். நான் ஒரு அலுமினியச் சட்டத்தை வளைத்து அதே மாதிரி செய்துகொண்டேன். முதல் நாள் பந்து 7 அடி ஓடியது. மணலைத் தூவி, பிரஷ்ஷால் தேய்த்து உள்ளே இறக்கி, உருளை போட்டதும் 10. நிஜப் புல் இல்லாமல் என்ன கோல்ஃப் என்று கேட்பவர்களுக்கு: பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கோல்ஃப் மைதானத்தில் 1930-களின் நடுப்பகுதி வரை கிரீன் எல்லாம் மணல்தான்.

இனி கெட்ட சேதி. பராமரிப்பே வேண்டாம் என்பது பொய். ஏப்ரலில் பாலோ வெர்டே மரத்து மஞ்சள் பூ, ஜூலையில் புழுதிப்புயல், வாரா வாரம் பெருக்க வேண்டும். சூடு அதைவிட மோசம். ஜூன் மாதம் மதியம் இரண்டு மணி, வெளியே 110 டிகிரி ஃபாரன்ஹீட். தோசைக்கல் சூடு பார்க்க வாங்கிய லேசர் தெர்மாமீட்டரைப் புல்லின் மேல் காட்டினேன்: 158. வெறுங்காலோடு வந்த பையன் அலறிக்கொண்டு ஓடினான். கோடையில் காலை ஏழு மணிக்கு முன்னால் ஆடினால்தான் உண்டு. சமையலறை ஜன்னலின் இரட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயில் ஒரு முழ நீளத்துக்குப் புல்லைக் கோடு போட்ட மாதிரி உருக்கியே விட்டது. வெளிப்பக்கம் வலை மாட்டிய பிறகுதான் நின்றது. இதை எந்த விற்பனையாளரும் எனக்குச் சொல்லவில்லை.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பேச்சையும் நான் வாங்குவதில்லை. தண்ணீர் மிச்சம், உண்மை. அந்த மிச்சம் நாலு பாலைவனச் செடி வைத்தாலும் கிடைக்கும், பத்துப் பதினைந்து வருஷம் கழித்துச் சுருட்டிக் குப்பையில் போடவும் வேண்டாம். இது ஒரு விளையாட்டுச் சாமான். கேரம் போர்டு வாங்குகிற மனசோடு வாங்கினால் வருத்தமில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இங்கே எல்லோரும் வளர்க்கும் பெர்முடா புல் நம் அருகம்புல்தான். அதைப் பறித்துப் போட்டுவிட்டுத்தான் இந்தப் பிளாஸ்டிக்கை விரித்தேன். வேரோடு எடுத்துவிட்டதாக நினைப்பு. மூன்றே மாதத்தில் மேற்கு ஓரத்தில், ஆணி அடித்த இடுக்கில், பச்சையாக எட்டிப் பார்த்தது. மருந்து வாங்கக் கிளம்பினேன். அன்று சங்கடஹர சதுர்த்தி. அம்மா அதற்குள் கிண்ணத்தோடு குனிந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். "இங்க மட்டும் மருந்து அடிச்சுத் தொலைக்காதடா" என்றாள். இன்னும் அடிக்கவில்லை.