உலோக ட்ராக் முதலில் வேண்டாம்

ஹெங் லாங் நிறுவனத்தின் 1/16 ரிமோட் டாங்கி (நிஜ டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி) வாங்குகிற புதியவர்கள் முதல் வேலையாக பிளாஸ்டிக் ட்ராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) கழற்றிவிட்டு உலோக ட்ராக் மாட்ட வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை நம்பி யாரும் காசு செலவழிக்காதீர்கள். வரிசையே தலைகீழ்.

உலோக ட்ராக் நல்ல கனம். அந்தச் சுமையை இழுப்பது கியர்பாக்ஸ். காரைப் போல் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் இந்த டாங்கிக்குக் கிடையாது. ஒரு பக்க ட்ராக்கை மெதுவாக்கியோ நிறுத்தியோ எதிர்த்திசையில் ஓட்டியோதான் திரும்பும். அப்போதுதான் பல்சக்கரங்களுக்கு அதிக நெருக்கடி. உள்ளே பிளாஸ்டிக் பற்கள் என்றால் சீக்கிரமே தேய்ந்து வழுக்கும். ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் பிளாஸ்டிக் என்றால் அதன் பல்லையும் உலோகக் கண்ணிகள் தின்றுவிடும்.

அதனால் முதலில் உலோக கியர்பாக்ஸ், அப்புறம் ஸ்ப்ராக்கெட்டும் எதிர்முனையில் ட்ராக் சுற்றிவரும் சக்கரமும், கடைசியில்தான் ட்ராக். வாங்கும்போதே உலோக கியர்பாக்ஸ் உள்ள பதிப்பை எடுப்பது இன்னும் நல்லது. வீட்டுத் தரையிலும் கெட்டியான மண்ணிலும் ஓட்ட பிளாஸ்டிக் ட்ராக் தாராளமாகப் போதும்.

புதியவர் வாங்கும் முதல் டாங்கி டைகராகத்தான் (இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி) இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அதன் சக்கரங்களுக்கு நடுவே மண்ணும் முடியும் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. நிஜ டைகருக்கே ரஷ்யக் குளிரில் அந்த இடுக்குகளில் சேறு உறைந்து தொல்லை கொடுத்தது. அதே போரின் அமெரிக்க டாங்கியான ஷெர்மனில் சக்கரங்கள் தனித்தனியாக இருப்பதால் துடைப்பது எளிது. புதியவருக்கு நான் அதையே சொல்வேன்.