நிகழ்ச்சித் தாளில் ஊர்ப்பெயரையும் போடுங்களேன்

நாட்டார் இசையைத் தழுவிய மேற்கத்திய செவ்வியல் படைப்புகள் என்று எந்த ஆர்கெஸ்ட்ரா கச்சேரி அறிவித்தாலும் பட்டியலில் பெரும்பாலும் இந்த இசையமைப்பாளர்கள்தான் இருப்பார்கள்: பிராம்ஸ், துவோர்ஷாக், பார்தோக், கோடாய். எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் சண்டை.

துவோர்ஷாக்கின் 1878 ஸ்லாவிய நடனங்களில் கிராமத்திலிருந்து வந்தது தாளம். மெட்டு பெரும்பாலும் அவர் கட்டியது. பிராம்ஸ் கதை வேறு. உலகமே முணுமுணுக்கும் ஹங்கேரிய நடனம் 5, நாட்டுப்பாடல் என்று நினைத்து அவர் எடுத்த மெட்டு. உண்மையில் அது கேலர் பேலா எழுதிய சர்தாஷ் என்னும் ஹங்கேரிய நடன இசை. கேலர் ராணுவ பாண்டு மாஸ்டர், அச்சில் பெயர் வந்தவர். அதனால் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறோம். அச்சேறாத கிராமத்து ஆளாக இருந்திருந்தால்?

பார்தோக் 1906 முதல் போனோகிராப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து மெழுகு உருளைகளில் பதிவு செய்தவர். 1915இல் பியானோவுக்கு எழுதி, 1917இல் சிறிய ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய ருமேனிய நாட்டுப்புற நடனங்களில் முதல் மெட்டு, திரான்சில்வேனியாவின் மெசோசபாத் கிராமத்தில் ரோமா (ஜிப்சி) பிடில்காரர்கள் இருவர் வாசித்தது. மூன்றாவது, எக்ரெஷ் ஊரில் ஒருவர் குழலில் ஊதியது; ஆர்கெஸ்ட்ராவில் அதை பிக்கலோ என்ற சிறிய குழல் ஊதுகிறது. மொத்தமே ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்கே, யார் வாசித்தது என்று அந்த மனிதர் இவ்வளவு கவனமாகக் குறித்து வைத்திருக்க, நிகழ்ச்சித் தாளில் அவர் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் வந்தால் அவருக்கே பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அவர் சேகரித்த உருளைகள் புடாபெஸ்ட் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆர்கெஸ்ட்ரா தொடங்குமுன் ஒரு நிமிடம் அப்படிப்பட்ட பதிவைப் போட்டுக் காட்டினால் என்ன? கரகரப்பைக் கேட்கவா டிக்கெட் வாங்கினோம் என்பார்கள். கேட்கட்டுமே! ஹங்கேரியின் முஸிகாஷ் நாட்டார் இசைக்குழு, டகாச் என்ற செவ்வியல் நால்வர் குழுவோடு ஒரே மேடையில் ஏறி கிராமத்து வாசிப்பையும் பார்தோக்கையும் அடுத்தடுத்து வழங்கியிருக்கிறது. அதற்கும் ஆட்கள் வந்தார்கள்.

கோடாயின் கலாந்தா நடனங்களுக்கு (1933) உருளைகூட வேண்டாம். அதன் மெட்டுகள் 1800 வாக்கில் வியன்னாவில் அச்சான தொகுப்பிலிருந்து வந்தவை. ஆனால் சிறுவயதில் தன் காதில் விழுந்த முதல் ஆர்கெஸ்ட்ரா ஒலி கலாந்தாவின் ரோமா இசைக்குழுதான், அது இப்போது இல்லை என்று கோடாயே ஸ்கோரின் (அச்சிட்ட இசைக்குறிப்பின்) முன்னுரையில் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் மைக்கைப் பிடித்து அதை வாசித்துவிட்டு கோலை எடுக்கலாம். அரை நிமிடம்கூட ஆகாது.