முதலில் அமாவாசையைப் பாருங்கள், டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம்

போன வாரம் மதுரையிலிருந்து சித்தப்பா மகன் அழைத்தான். டிசம்பரில் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா வருகிறானாம். "அண்ணே, டிக்கெட் போட்டாச்சு. க்ரூகர்ல சிங்கம், கேப் டவுன்ல மலை, அப்புறம் நீங்க சொல்வீங்களே, அந்த நட்சத்திர ஊர், அதுல ஒரு ராத்திரி. போதும்ல?" என்றான்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் அவன் சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவன் இல்லை. வீட்டு மொட்டைமாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி வைத்து, கொசுக்கடியில் உட்கார்ந்து வியாழனின் நிலாக்களைப் படம் வரைகிறவன். அவனே நிலாவைப் பார்க்காமல் தேதி போட்டிருக்கிறான். சமையலறையில் தொங்கும் காலண்டரைப் போய்ப் பார்த்தேன். அந்த நட்சத்திர ஊரான சதர்லாந்தில் அவன் தங்கும் ஒரே ராத்திரி, பௌர்ணமிக்கு முந்தின நாள்.

வானம் பார்க்க வெளிநாடு போகிற நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். முதலில் மலிவான டிக்கெட், அப்புறம் ஹோட்டல், அப்புறம் எந்த லென்ஸ் எடுத்துப் போவது என்று பெரிய விவாதம். நிலா கடைசியில். முழு நிலா அடிக்கும்போது உலகத்திலேயே இருட்டான இடத்துக்குப் போனாலும் வானம் வெளிறிப் போய்த்தான் இருக்கும். பால்வீதி மங்கி மறைந்துவிடும். அந்தக் காசுக்கு ஊரிலேயே இருந்து நிலாவைப் பார்க்கலாம்.

நான் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்த முதல் வருடம், நீண்ட வார விடுமுறை கிடைத்ததே என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிக்கொண்டு சதர்லாந்து போனோம். போய் இறங்கினால் கிழக்கே தாம்பாளம் மாதிரி நிலா. அது போதாது என்று, "நட்சத்திர வானம்" என்று விளம்பரம் செய்திருந்த அந்த விடுதியின் முற்றத்தில் விடிய விடிய நான்கு வெள்ளை விளக்குகள். அணைக்கச் சொன்னால், பாதுகாப்புக்காகப் போட்டது, முடியாது என்றார்கள். இரண்டு இரவு அறைக்குள்ளேயே கிடந்துவிட்டுத் திரும்பினோம். என் மகள் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், இனி காலண்டரைப் பார்க்காமல் கிளம்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அமாவாசை எப்போது என்று ஒரு தமிழ் வீட்டில் யாரும் தேட வேண்டியதில்லை. இங்கே எங்கள் பக்கத்துக் கோயிலில் வருடா வருடம் காலண்டர் கொடுப்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டி நம் ஆட்கள் நிறைய வாழும் லெனேசியாவில் இருக்கும் என் நண்பர் வீட்டில் நான்காம் தலைமுறை; ஆயாவுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், பேரப்பிள்ளைகளுக்குச் சாமி பாட்டும் சமையல் பெயர்களும் மட்டும்தான் வரும். ஆனால் அமாவாசையும் பௌர்ணமியும் அந்த வீட்டில் யாருக்கும் தப்பாது. அந்தக் காலண்டரை வைத்தே பயணத்தைப் போட்டுவிடலாம். அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னால் தொடங்கி இரண்டு நாள் பின்னால் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். தேய்பிறையின் அந்தக் கடைசி நாட்களில் நிலா நடுராத்திரி தாண்டித்தான் எழும் என்பதால் முன்னிரவு முழுக்க நம் கையில்.

அடுத்தது மாதம். டிசம்பர் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் நிலா மட்டும் இல்லை. மார்கழியில் சூரியன் தனுசு ராசியில் இருக்கிறது என்று நம் பாட்டிகளுக்கே தெரியும். பால்வீதியின் மையம் இருப்பது அந்தப் பக்கம்தான், மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். அதாவது டிசம்பரில் மையம் பகலில் சூரியனோடு சேர்ந்து போய்விடும், இரவில் வராது. இங்கே அது கோடைகாலமும் கூட. சதர்லாந்தில் முழு இருட்டு வரவே ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். சரி, ஜூலை, ஆகஸ்ட்? மையம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும், இரவும் நீளம். ஆனால் தென்னாப்பிரிக்காவிலேயே மிகக் குளிரான ஊர்களில் ஒன்று சதர்லாந்து. பூஜ்யத்துக்குக் கீழே போகும், சில வருடம் பனியும் விழும். கேப் பக்கம் அது மழைக்காலம் என்பதால் அங்கிருந்து மேகமும் ஏறி வரும். வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு அது சரிப்படாது.

என்னைக் கேட்டால் சித்திரை அமாவாசை. ஊரில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, இங்கே இலையுதிர் காலம். அந்த ஒரே இரவில் தெற்கு வானத்தின் முக்கால்வாசிச் சொத்தையும் பார்த்துவிடலாம். இருட்டியதும் மேற்கே திருவாதிரையும் மிருகசீரிடமும் தலைகீழாக இறங்கிக்கொண்டிருக்கும். தென்மேற்கில் மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு மங்கலான ஒளித்திட்டுகள், தென்கிழக்கில் தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம். எட்டு மணிக்குள் கிழக்கே கேட்டை சிவப்பாக எழும்பிவிடும். பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்குப் பால்வீதியின் மையம் கிட்டத்தட்ட உச்சியில்.

"இந்தியாவிலேயே ஹான்லே இருக்கிறதே, அதற்கு எதற்கு ஆப்பிரிக்கா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். லடாக்கின் ஹான்லே அருமையான இருட்டு, நானும் ஒருநாள் போக ஆசைப்படுகிறேன். ஆனால் ஹான்லே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 32 டிகிரி, சதர்லாந்து தெற்கே அதே 32 டிகிரி. கண்ணாடியில் பார்த்த மாதிரி. ஹான்லேயில் தென்சிலுவை எழவே எழாது. மதுரையில் எழும், அதுவும் தரையிலிருந்து இரண்டு முஷ்டி உயரம்தான். கையை நீட்டி முஷ்டி பிடித்துப் பாருங்கள். பெரிய மெகல்லன் மேகம் மதுரையில் ஒரு முஷ்டி உயரம் வரும், அந்த உயரத்தில் ஊர் வெளிச்சமும் தூசியும் அதை விழுங்கிவிடும். ஹான்லே கிட்டத்தட்ட 4,500 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். சதர்லாந்து ஊர் 1,450 மீட்டர் அளவுதான். என் அம்மாவை அழைத்துப்போக முடிந்தது.

அம்மா வந்தது ஒரு சித்திரையில். கேப் டவுனில் இறங்கி, என்1 நெடுஞ்சாலையில் மட்ஜிஸ்ஃபான்டெய்ன் வரை வந்து, அங்கே வடக்கே திரும்பினால் நூற்றுப் பத்து கிலோமீட்டர், நடுவில் ஊர் எதுவும் கிடையாது. பெட்ரோல் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள், இருட்டினால் மான்கள் குறுக்கே பாயும். அன்று ராத்திரி ஏழரை மணிக்கு அம்மாவை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மங்கி கேப், அதற்கு மேல் சால்வை, அதற்கும் மேல் என் ஜாக்கெட். கை டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டியிருந்தோம். போனை எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும், ஒரு வாட்ஸ்அப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை. அப்புறம் தென்மேற்கே கையை நீட்டி, "தம்பி, எல்லா மேகமும் போயிருச்சு, அது ரெண்டு மட்டும் ஏன்டா நகரவே மாட்டேங்குது?" என்றார்.

அது மேகம் இல்லைம்மா, நம் பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கிற வேறு இரண்டு அண்டங்கள், பெரியதிலிருந்து வெளிச்சம் வந்து சேர ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடம் ஆகிறது என்றேன். அம்மா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்ப இது கிளம்புறப்ப நம்ம யாருமே இல்லையே" என்றார். தொலைநோக்கி அப்போது காருக்குள்தான் இருந்தது. நான் எடுக்கவே இல்லை.

அப்புறம் அருந்ததி எங்கே என்று தேடினார். அது இங்கிருந்து வடக்கே தரையை ஒட்டித்தான் வரும், மேடு மறைத்துவிடும். துருவ நட்சத்திரம் கிடையவே கிடையாது. பதிலுக்கு அகத்தியரைக் காட்டினேன். ஊரில் தெற்கே தாழ்வாகத் தெரியும் அந்த நட்சத்திரம், இங்கே ஆகாயத்தின் பாதிக்கு மேல் ஏறி நிற்கிறது. தெற்கே போனவர் என்ற கதை அம்மாவுக்கு அன்று வேறு மாதிரி புரிந்திருக்க வேண்டும், கையெடுத்துக் கும்பிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் பயணத்துக்குக் கனமான தொலைநோக்கி வேண்டாம். விமானத்தில் சுமை, வந்து சேரும்போது கண்ணாடி கோணி இருக்கும், பாதி இரவு திருகாணியோடு போகும். ஒரு 10x50 பைனாகுலர் போதும். ஒமேகா சென்டாரியை வெறும் கண்ணில் மங்கலான நட்சத்திரமாகப் பார்த்துவிட்டு, பைனாகுலரில் பாருங்கள், மாவு உருண்டை மாதிரி தெரியும். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன, சுமார் 17,000 ஒளியாண்டு தள்ளி. கரீனா நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்தையும் விடாதீர்கள். அதற்குள் இருக்கும் ஈட்டா கரீனா என்ற நட்சத்திரம் திடீரென்று பிரகாசமானதை 1837 டிசம்பரில் கேப் டவுனிலிருந்து வானியலாளர் ஜான் ஹெர்ஷல் பார்த்தார். பெரிய தொலைநோக்கி வேண்டுமென்றால் சதர்லாந்திலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு வானம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேமரா, பேட்டரி கொண்டு வருகிறவர்கள் லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் வையுங்கள்.

ஊருக்கு வெளியே மேட்டில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே இருக்கும் சால்ட் தொலைநோக்கி 2005-இல் திறக்கப்பட்டது. 91 அறுகோணக் கண்ணாடிகள் சேர்ந்து பதினொரு மீட்டர் அகலம். புனேயில் இருக்கும் ஐயூகா என்ற வானியல் ஆய்வு நிறுவனமும் அதில் பங்குதாரர், நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள். பகலில் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். இரவு நிகழ்ச்சி பார்வையாளர்களுக்கான சிறிய தொலைநோக்கிகளில்தான், சால்ட்டில் கண் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்து வராதீர்கள். இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும்.

ஒரு ராத்திரி என்று மட்டும் யாரும் திட்டம் போடாதீர்கள். குறைந்தது நான்கு. சதர்லாந்து இருக்கும் கரூ பகுதி வறண்ட பூமிதான், ஆனாலும் மேகம் வரும் நாளை யாரும் தடுக்க முடியாது. க்ரூகரில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம், சிங்கம் எல்லா வாரமும் இருக்கும்.

நான் இருக்கும் இந்த ஜோகன்னஸ்பர்க்கில்தான் 1915-இல் வானியலாளர் ராபர்ட் இன்னஸ், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக நெருங்கிய நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியைக் கண்டுபிடித்தார். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் இருந்த குன்றுப் பகுதிக்கு இன்றும் அப்சர்வேட்டரி என்றுதான் பெயர். இப்போது அங்கே நின்றால் பால்வீதி தெரியாது. 2022, 2023-இல் தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோதுதான் எங்கள் தெருக்காரர்கள் பலர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள். இருட்டு இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. போகிறது என்று ஆன பிறகு சரியான நாளில் போக வேண்டாமா?

இன்னும் பொறுக்கிறவர்களுக்கு ஒன்று: 2030 நவம்பர் 25 அன்று முழுச் சூரிய கிரகணம் நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா வழியாகப் போகிறது. அதற்கு இப்போதே லீவு சொல்லி வைக்கலாம்.

தம்பியிடம் இதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசினேன். அடுத்த நாள் டிக்கெட்டை மாற்றிவிட்டதாகச் செய்தி அனுப்பினான். கொஞ்சம் அபராதம் கட்டியிருக்கிறான், பரவாயில்லை என்றான். 2027 மே 6 சித்திரை அமாவாசை. மே 3 முதல் ஐந்து இரவுக்குச் சதர்லாந்தில் அறை கேட்டிருக்கிறேன். முற்றத்து விளக்கை அணைப்பார்களா என்று முதலிலேயே கேட்டேன், அணைக்கிறோம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அம்மாவும் வருகிறார். கேப் டவுனிலிருந்து எடுக்கும் வண்டியில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.