இடம் சொல்லத் தெரியாதவன் எழுதுகிறேன்

நேற்று முன்தினத்திலிருந்து எல்லோரும் பகிர்ந்துவரும், அவசர எண்ணை அழைத்த ஒருவர் தான் நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரியாமல் திணறும் அந்த ஒலிப்பதிவை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அதன் கீழே என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் எழுதிய வரியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது: "நிற்கிற இடத்தைக்கூடச் சொல்லத் தெரியாதவர்களுக்கு ஸ்மார்ட்போன் எதற்கு?" அதற்குச் சிரிப்புக் குறி இட்டவர்களில் என் உறவினர்களும் இருக்கிறார்கள். நன்று.

இடம் சொல்லத் தெரியாதவர்கள் சார்பில் பணிவாக ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். அவசர எண்ணை அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்று கண்டறிய வேண்டியது அழைப்பை எடுக்கும் அமைப்பின் வேலை. அந்த வேலைக்கு ஆண்டு தவறாமல் பணம் வேண்டும். அந்தப் பணத்துக்கு உறுதியான ஊற்று இல்லாதவரை பழி அழைத்தவரின் தலையில்தான் விழும்.

தொழில்நுட்பம் இல்லை என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். 2018 ஜனவரி 1 முதல் கைபேசிகளில் ஜிபிஎஸ் கட்டாயம் என்று 2016-லேயே மத்திய அரசு விதி வகுத்தது. ஆனால், இருப்பிடம் கைபேசிக்குத் தெரிந்திருப்பது வேறு, கட்டுப்பாட்டு அறையின் திரைக்கு வந்து சேர்வது வேறு. செல்போன் கோபுரத்தை வைத்து மட்டும் தேடினால் நகரத்தில் சில தெருக்களுக்குள் வந்துவிடலாம். நெடுஞ்சாலையிலோ பல கிலோமீட்டர் பொட்டல்தான் மிஞ்சும். அவசர எண்ணை அழைத்தவுடன் கைபேசி தானே இருப்பிடத்தைக் கணித்துக் குறுஞ்செய்தியாக மையத்துக்கு அனுப்பிவிடும் முறையை பிரிட்டனில் 2014-லேயே தொடங்கிவிட்டார்கள். 2016-ல் ஆண்ட்ராய்டும் 2018-ல் ஐபோனும் அந்த வசதிக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு அது கட்டாயம். கைபேசி அனுப்பத் தயாராக இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் மையத்தில் மென்பொருளும் சரியான வரைபடமும் இரவு மூன்று மணிக்கும் விழித்திருக்கும் ஆட்களும் வேண்டும். நாடு முழுவதற்குமான ஒரே அவசர எண்ணாகிய நம்முடைய 112 திட்டத்துக்கு, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து சுமார் 321 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்; வரவேற்கிறேன். ஆனால் அது வீடு கட்டக் கிடைத்த பணம். மாதாமாதம் அடுப்பு எரிய வேண்டாமா?

பிரியாணி கொண்டுவரும் பையன் வாசலுக்கே வருகிறானே என்ற பழைய நகைச்சுவையைச் சொல்லப் போவதில்லை. அவன் வருவதற்கு ஒவ்வொரு முறையும் நாம் கட்டணம் கொடுக்கிறோம், அதனால் வருகிறான். நான் பேசுவதும் அதைத்தான்.

2019-ல் திருச்சியிலிருந்து சென்னைக்குக் காரில் வந்துகொண்டிருந்தோம். வேப்பூர் தாண்டிவிட்டது, உளுந்தூர்பேட்டை இன்னும் வரவில்லை. பின்னிருக்கையில் இருந்த அப்பாவின் பேச்சு குழறி, வாய் ஒரு பக்கம் கோணியது. மாமா வண்டியை ஓரம் கட்டினார். நான் அவசர எண்ணை அழைத்தேன். எடுத்த பெண் கனிவாகவே பேசினார். "பக்கத்தில் பெட்ரோல் பங்க், கோயில், பள்ளிக்கூடம் ஏதாவது தெரிகிறதா சார்?" எதுவும் தெரியவில்லை. மாமா செல்போன் வெளிச்சத்தில் கிலோமீட்டர் கல்லைத் தேடிச் சாலையோரமாக ஓடினார். அடுத்து இன்னொருவர் அழைத்து அதே கேள்விகளைக் கேட்டார்; பிறகு ஓட்டுநர் கேட்டார். அவர்கள் எங்களைக் கண்டுபிடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஏன் லொக்கேஷன் அனுப்பவில்லை என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ஒரு கையில் அப்பாவின் தலை இருந்தது, மறு கையில் அழைப்பில் இருந்த போன். அந்த நேரத்தில் எனக்கு வாட்ஸ்ஆப் என்ற ஒன்று இருப்பதே நினைவில்லை. உங்களுக்கு நினைவிருந்திருக்கும். மகிழ்ச்சி.

இனி நண்பர்களின் கேள்விகளுக்கு வருகிறேன். இந்த வேலைக்கென்றே செல்போன் இணைப்புக்கு ஒரு சிறு கட்டணம் வாங்கலாம் என்றால், "இன்னொரு வரியா?" என்பீர்கள். நாட்டில் 110 கோடிக்கும் மேற்பட்ட செல்போன் இணைப்புகள் இருக்கின்றன. இணைப்புக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால்கூட ஆண்டுக்கு 1,300 கோடிக்கு மேல் வரும். அதாவது, 112-ஐ நிறுவ ஒதுக்கியதைப் போல் நான்கு மடங்கு, ஒவ்வோர் ஆண்டும். அந்த ஒரு ரூபாயும் வேண்டாம் என்றால் இருக்கும் பணத்தையாவது பாருங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சில கழிவுகள் போக மிஞ்சும் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை ஊரகச் சேவைக்கான நிதிக்குக் கட்டுகின்றன. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். எங்கிருந்து கட்டுகிறார்கள்? நம் ரீசார்ஜிலிருந்துதான். அதில் பல்லாயிரம் கோடி செலவழிக்கப்படாமல் கிடந்ததைத் தணிக்கை அறிக்கைகளே சுட்டிக்காட்டியிருக்கின்றன.

"வசூலித்ததை வேறு எதற்காவது திருப்பிவிடுவார்கள்" என்பது நியாயமான அச்சம், ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் 911 என்ற அவசர எண்ணுக்கென்று செல்போன் பில்லில் தனிக் கட்டணம் வாங்கியும், நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் அதை வேறு செலவுகளுக்குத் திருப்பின. அதற்காக அவர்கள் கட்டணத்தை ஒழிக்கவில்லை. 2008-ல் ஒரு சட்டம் இயற்றி, எந்த மாநிலம் எவ்வளவு வசூலித்தது, எதில் செலவழித்தது என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வைத்தார்கள். திருப்பிய மாநிலங்களின் பெயர்கள் அதில் அச்சாகி வருகின்றன. நமக்கும் அந்தப் பட்டியல் ஒன்று வரட்டும்.

அந்தரங்க உரிமை பற்றிக் கேட்பவர்களுக்கு என்னிடம் பொறுமையான பதில் இல்லை. டார்ச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குக் கொடுக்கத் தயங்குகிறவர்களோடு நான் எதை வாதிடுவது?

அப்பா பிழைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய வலது கைதான் திரும்பவில்லை. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்ச் சான்றில் தமிழாசிரியர் கைநாட்டு வைக்கிறார். வைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. முன்பே வந்திருந்தால் கை திரும்பியிருக்குமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் வேறு பேச்சுக்குப் போனார்.

நண்பரின் வரியை யாரும் புகார் செய்து நீக்க வைக்க வேண்டாம், இருக்கட்டும். அதன் பிறகு அந்தச் சாலையில் பகலிலேயே பத்துப் பன்னிரண்டு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேப்பூர் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறேன். அன்று நாங்கள் நின்றது எந்த இடம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.